நிரல் களஞ்சியங்களை மொத்தமாகப் படியெடுத்தல்

எழுதப்பட்ட ஒன்று நிலைத்திருக்க வேண்டுமாயின், அதற்குப் படிகள் பல, வெவ்வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். இவ்வுண்மை நூல்களுக்கு மட்டுமன்றி, கணினியை இயக்கும் நிரல்களுக்கும் பொருந்தும். பெங்களூரு, ஐதராபாத், புனே முதலிய நகரங்களில் நிரல் எழுதும் தொழிலில் ஈடுபட்டுள்ள தமிழர் பலர். அவர்களுடைய பல்லாண்டு உழைப்பு பெரும்பாலும் பிறருடைய சர்வர்களிலேயே தங்கியிருக்கிறது. அதனை ஒரே முயற்சியில் படியெடுத்து வைக்க உதவும் கருவியைப் பற்றியும், அதனைக் கையாள்வோர் கொள்ள வேண்டிய எச்சரிக்கையைப் பற்றியும் இங்குக் காண்போம்.

களஞ்சியம் என்பது யாது? ஒரு நிரலின் கோப்புகளும், அவற்றில் யார், எப்பொழுது, என்ன மாற்றம் செய்தனர் என்னும் வரலாறும் ஒருங்கே அமைந்த தொகுப்பே களஞ்சியம். இத்தகைய வரலாற்றைப் பேணும் முறைகளுள் இன்று மிகுதியும் வழங்குவது ‘கிட்’ என்பதாகும். லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். அதற்கு முன் வழங்கிய முறைகள் பலவற்றில் முழு வரலாறும் நடுவிலுள்ள ஒரு கணினியில் மட்டுமே இருந்தது. கிட் முறையிலோ, படியெடுப்பவர் ஒவ்வொருவரிடமும் அது வந்து சேர்கிறது. ஆதலின் மூலம் அழிந்தாலும் படியிலிருந்து அதனை மீட்டுவிடலாம்.

மூலம் அழியுமோ என்று ஐயுறுவார் சில நிகழ்ச்சிகளை நினைவு கூர்தல் நன்று. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ‘கோட் ஸ்பேசஸ்’ என்னும் சேவையின் கட்டுப்பாட்டுத் தளத்துக்குள் ஒருவன் புகுந்து, பணம் கேட்டு மிரட்டி, அங்கிருந்தவற்றில் பெரும்பகுதியை அழித்தான். காப்புப் படிகளும் அதே தளத்தின் ஆட்சிக்குள் இருந்தமையால் அவையும் அழிந்தன. அந்நிறுவனம் தொழிலையே கைவிட்டது. கூகுள் தன் ‘கூகுள் கோட்’ சேவையை 2015 மார்ச்சில் முன்னறிவிப்புத் தந்து, 2016 ஜனவரியில் மூடியது. 2020ஆம் ஆண்டில் ‘பிட்பக்கெட்’, மெர்க்யூரியல் முறையில் அமைந்த களஞ்சியங்களை ஏற்பதை நிறுத்தி, இருந்தவற்றையும் நீக்கிற்று. பகைவன் கையாலும் அழிவு வரலாம். முறையான அறிவிப்புடனும் வரலாம்.

ஒரு களஞ்சியத்தைப் படியெடுக்க ஒரு கட்டளை போதும். ஆனால் ஒரு நிறுவனத்தில் முந்நூறு களஞ்சியங்கள் இருப்பின், முந்நூறு முறை கட்டளையிடும் பொறுமை எவருக்கும் இராது. சில விடுபட்டுப் போகும். இக்குறையை நீக்கும் கருவிகளுள் ஒன்று, ஜி, ஹெச், ஓ, ஆர், ஜி என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளையே பெயராகக் கொண்டது. கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட், கிட்டீ ஆகியவற்றுடன் இது இயங்கும். கருவியின் பெயர், ‘குளோன்’ என்னும் சொல், நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றையும் கட்டளை வரியில் இட்டால் போதும். கருவி முதலில் அந்நிறுவனத்தின் களஞ்சியப் பட்டியலைக் கேட்டுப் பெறுகிறது. கிட்ஹப் ஒரு பக்கத்துக்கு 100 பெயர்களுக்கு மேல் தருவதில்லையாதலால், பக்கம் பக்கமாகக் கேட்டுப் பட்டியலை முடிக்கிறது. பின்னர் ஒரே வேளையில் பல களஞ்சியங்களை இறக்கிக்கொள்கிறது. பிறர் காணாத களஞ்சியங்களைப் பெற, ‘டோக்கன்’ எனப்படும் அனுமதிக் குறியீடு வேண்டும். இதனைக் கடவுச்சொல்லைப் போலவே மறைத்துக் காத்தல் வேண்டும்.

இனி எச்சரிக்கைகளைக் கூறுவோம். இக்கருவியை இரண்டாம் முறை இயக்கும்போது, அது மூலத்தில் உள்ளபடியே நம் படியையும் மாற்றியமைக்கும்; நாம் அங்கே செய்துவைத்த, இன்னும் அனுப்பாத திருத்தங்கள் மறைந்துபோம். எனவே வேலை செய்யும் இடம் வேறு, படியெடுக்கும் இடம் வேறு என்று பிரித்து வைத்தல் நலம். இயலாவிடில் ‘நோ கிளீன்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்துக் கட்டளையிட வேண்டும். காப்புக்காகவே படியெடுப்போர் ‘பேக்கப்’ என்னும் விருப்பத்தைக் கொண்டால், எல்லாக் கிளைகளும் அடங்கிய கண்ணாடிப் படி கிடைக்கும். எனினும் கண்ணாடி அழகை மட்டும் காட்டுவதன்று. மூலத்தில் நேர்ந்த கேட்டையும் அடுத்த முறை அது அப்படியே காட்டும். ஆதலின் தேதியிட்ட தனிப்படி ஒன்றையும் அவ்வப்போது எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.

அன்றியும், களஞ்சியப் படி நிரலை மட்டுமே காக்கும். பிழை அறிக்கைகளும் அவற்றைச் சூழ்ந்த உரையாடல்களும் அதில் வருவதில்லை. 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில், பணியாளர் ஒருவர் கைப்பிழையால் தரவுத்தளத்தை நீக்கிவிட்டார். காப்பு முறைகள் பல ஏற்படுத்தப்பட்டிருந்தும் அவை தக்க சமயத்தில் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு படியால் பெரும்பகுதி மீண்டது. ஏறத்தாழ 6 மணி நேரப் பதிவுகள் மீளவில்லை. களஞ்சியங்களுக்கு ஊறில்லை, இழந்தவற்றுள் உரையாடல்களும் அறிக்கைகளும் அடங்கும்.

படியெடுக்கும் ஆற்றல் வேறு, உரிமை வேறு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணியின் பகுதியாக எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. ஆகவே ஓரிடத்தை விட்டு வேறிடம் செல்வோர், தாம் எழுதியதுதானே என்று எண்ணி நிறுவனக் களஞ்சியங்களை வாரி எடுத்துச் செல்லலாகாது. சொந்தமாக எழுதியவற்றையும், பொதுவில் வழங்கும் உரிமத்துடன் வெளியிடப்பட்டவற்றையும் தயக்கமின்றிப் படியெடுக்கலாம்.

படியெடுத்த அன்றே அதிலிருந்து ஒரு களஞ்சியத்தை வேறொரு கணினியில் மீட்டு, இயங்குகிறதா என்று பார்ப்பீர்களாக. மீட்டுப் பாராத படியை நம்பியிருத்தல், திறந்து பாராத குதிரில் நெல் இருப்பதாக நம்புவதை ஒக்கும்.