கண் பரிசோதனையில் எல்லாம் சரி, ஆனாலும் குழந்தைக்குத் தெரியவில்லை: 'சிவிஐ' என்றால் என்ன?

திருவனந்தபுரம் சாலை கடைத்தெருவில் நின்று, "அந்தச் சிவப்பு வாளி எங்கே?" என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகள் உடனே கைகாட்டிவிடுவார்கள். தொங்கும் சாமான்கள், பூக்கூடைகள், ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் மூளை ஒதுக்கிவிடும். சிவிஐ உள்ள குழந்தையின் மூளைக்கு இந்த ஒதுக்கும் வேலைதான் கடினம். அதே வாளியை வீட்டில் வெறும் தரையில் வைத்தால், அதே குழந்தை எட்டிப் பிடித்துவிடக்கூடும்.

சிவிஐ என்பது 'கார்ட்டிகல் விஷுவல் இம்பேர்மென்ட்', அதாவது மூளைசார் பார்வைக் குறைபாடு. கண் படம்பிடிக்கிறது, அதை மூளையால் சரியாகப் புரிந்துகொள்ள முடிவதில்லை. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, பிறந்த சில நாட்களில் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்குவது, மூளைக்காய்ச்சல் ஆகியவை முக்கியக் காரணங்கள். கிட்டப்பார்வையும் சேர்ந்திருந்தால் கண்ணாடி உதவும். சிவிஐயை மட்டும் கண்ணாடி சரிசெய்யாது.

இந்தப் பார்வை ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் சிக்கலே. காலையில் படம் பார்த்துப் பெயர் சொன்ன பிள்ளை, களைத்துப்போன மாலையில் தடுமாறும். "வேணும்னா பார்க்குது, மடி பிடிச்ச பிள்ளை" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தாலே பார்ப்பது நின்றுவிடும் குழந்தைகளும் உண்டு.

அதனால் வீட்டில் செய்ய வேண்டியது சேர்ப்பதல்ல, குறைப்பது. பூப்போட்ட விரிப்பை எடுத்துவிட்டு ஒரே நிறத் துணி விரித்து, அதன்மேல் ஒரு பொருளை மட்டும் வைக்கலாம். பல குழந்தைகளுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் எளிதில் பிடிபடும்; பொருளை லேசாக அசைத்தால் இன்னும் எளிது. காட்டிய பிறகு பேசாமல் காத்திருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குப் பத்து, இருபது நொடிகள்கூட ஆகும். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்து பலனில்லை.

வகுப்பறையில் சார்ட்டுகள் நிறைந்த சுவரைப் பார்த்தபடி இந்தக் குழந்தையை உட்காரவைக்கக் கூடாது. பக்கத்துக்குச் சில சொற்கள், அகலமான இடைவெளி, மற்ற வரிகளை மறைக்க நடுவில் வெட்டிய ஒரு கறுப்பு அட்டை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு: 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு மூன்று உருவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குவதைவிட, கூட்டத்தைக் குறைப்பதே பல நேரம் முக்கியம்.

சான்றிதழில்தான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைந்த பார்வையைத் தூரப்பார்வை அளவாலும் (6/18-க்குக் கீழ்) பார்வைப் புலத்தாலும் (40 டிகிரிக்குக் கீழ்) வரையறுக்கிறது. வெறும் அட்டையில் ஒற்றை எழுத்தைச் சரியாகச் சொல்லும் சிவிஐ குழந்தை இந்த அளவுகோலில் தப்பிவிடும். 40 சதவீதச் சான்றிதழும் கைக்கு வராது. ஆனால் தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் போன்ற மாற்றங்களைச் சொல்லும் 17-வது பிரிவு அந்த 40 சதவீதத்தை நிபந்தனையாக வைக்கவில்லை. எழுத்தர் வசதிக்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. பள்ளிக்குக் கொடுக்கும் மனுவில் இரண்டையும் குறிப்பிடலாம்.

திருவனந்தபுரத்தில் அரசு மண்டலக் கண் மருத்துவ நிறுவனமும், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையமும் உள்ளன. போகும்போது பிரசவ நேரத்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். குழந்தை வீட்டில் எதைப் பார்க்கிறது, கடைத்தெருவில் எதைத் தவறவிடுகிறது என்று போனில் எடுத்த இரண்டு சிறு வீடியோக்களும் டாக்டருக்கு உதவும்.