பிடில் பேசும் பந்துன்

"பினாங்கில் பிரெஞ்சு இசை நிகழ்ச்சி. பிடில், செல்லோ, பியானோ." இப்படி ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டால் நம்மில் எத்தனை பேர் உள்ளே போவோம்? "அதெல்லாம் துரைமார் வீட்டுச் சமாச்சாரம். நமக்கு எங்கே விளங்கப்போகிறது?" என்று சொல்லிவிட்டு, மார்க்கெட் தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறிவிடுவோம்.

அன்பான வாசகர்களே! அந்தத் துரைமார் இசைக்குள் நம் நாட்டுப் பந்துன் ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறார்களே, மலாய்க் கல்யாண வீடுகளில் மாறி மாறிச் சொல்லி மகிழ்கிறார்களே, அதே பந்துன்தான்!

மூவர் நடத்தும் கச்சேரி

முதலில் இந்த இசை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் நாதஸ்வரமும் தவிலும் தெருவையே நிறைக்கின்றன. அது வெட்டவெளிக்கு ஏற்ற இசை. இதுவோ ஓர் அறைக்குள் சிலர் கூடியிருந்து கேட்பதற்காகப் பிறந்தது. அதனால் இதற்கு 'அறை இசை' என்றே பெயர். கோல் வீசி வழிநடத்தும் தலைவர் கிடையாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒருவர்தான். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, மூச்சைக் கவனித்து வாசிக்கிறார்கள். நம் கச்சேரியில் பாடகரும் பிடில்காரரும் மிருதங்கக்காரரும் தலையசைத்துப் பேசிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பிடிலும் நமக்கு அந்நியமல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த அந்த வாத்தியத்தைச் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலுசாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு போன்றவர்கள் நம் இசைக்குப் பழக்கினார்கள். தோட்டத்துக் கோயில் பஜனையில் ஒலிக்கும் ஆர்மோனியப் பெட்டி எந்த ஊர்ப் பிள்ளை தெரியுமா? பாரிஸ் நகரப் பிள்ளை! 1840களில் அலெக்சாந்தர் தெபேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சு இசைக் கருவி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் முருகனைப் பாடி வந்திருக்கிறோம்!

கப்பலேறிய பாட்டு

இனி பந்துன் கதைக்கு வருவோம். நான்கு அடி, முதல் அடியும் மூன்றாவது அடியும் ஓசையில் ஒக்கும், இரண்டாவதும் நான்காவதும் ஒக்கும். இதில் 'பந்துன் பெர்காயிட்' என்ற சங்கிலிப் பந்துன் ஒன்று உண்டு. ஒரு பாட்டின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பாட்டின் முதலாம், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். நம் அந்தாதிக்கு அக்கா மகள் என்றே சொல்லலாம்.

வில்லியம் மார்ஸ்டென் என்ற ஆங்கிலேயர் 1812-ல் வெளியிட்ட மலாய் இலக்கண நூலில் இத்தகைய பந்துன் ஒன்றைச் சேர்த்தார். அது பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டு, 1829-ல் பெருங்கவிஞர் விக்டர் ஹியூகோவின் கவிதை நூலில் குறிப்பாக இடம் பெற்றது. பிரெஞ்சுக் கவிஞர்கள் அந்த அமைப்பில் மயங்கித் தாங்களும் எழுதிப் பார்த்தார்கள். 'பந்தூம்' என்பது அங்கே ஒரு கவிதை வகையாகவே ஆகிவிட்டது.

மலாயா மண்ணை மிதித்தே அறியாத மொரீஸ் ராவெல் என்ற இசைமேதை, 1914-ல் பியானோ, பிடில், செல்லோ மூன்றுக்குமாக ஓர் இசை எழுதினார். நான்கு பகுதிகள் கொண்ட அதில் இரண்டாம் பகுதிக்கு அவர் இட்ட பெயர் 'பந்தூம்'! துள்ளிக் குத்தும் மெட்டு ஒன்று, வழுக்கி ஓடும் மெட்டு ஒன்று. இரண்டும் பந்துன் அடிகளைப் போல மாறி மாறிப் பின்னிக்கொள்கின்றன. நடுவே ஒரு வேடிக்கை: பியானோ நிதானமாக நான்கு எண்ணிப் போக, பிடிலும் செல்லோவும் விடாமல் மூன்று எண்ணித் துள்ளுகின்றன. தாளம் போடத் தெரிந்தவர்கள் இரண்டு கைகளாலும் போட்டுப் பாருங்கள், சிரமம் புரியும்!

முதல் பகுதியிலும் தாளப் பிரியர்களுக்கு விருந்து உண்டு. நம் ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. நான்கு, இரண்டு, இரண்டு. ராவெலின் தாளமும் எட்டுதான். ஆனால் மூன்று, இரண்டு, மூன்று. அவருடைய தாயார் பிறந்த பாஸ்க் இனத்தாரின் ஆட்டத்துத் தாளம் அது என்பார்கள்.

போர் வந்தது

இந்த இசையை அவர் கடற்கரை ஊர் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தபோது, 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. ராவெலுக்கு வயது 39. ஒல்லியான சின்ன உருவம். ஆனாலும் போருக்குப் போகத் துடித்தார். ஐந்து மாத வேலையை ஐந்தே வாரத்தில் முடித்தேன் என்று நண்பருக்கு எழுதினார். ராணுவமோ எடை போதாது என்று திருப்பி அனுப்பியது. விடாமல் முயன்று 1915-ல் ராணுவ லாரி ஓட்டுநரானார். 1916-ல் வெர்டன் போர்முனைக்கு அருகே குண்டும் குழியுமான பாதையில் லாரி ஓட்டினார்.

அதே போர் நம் வாசலுக்கும் வந்தது. "அவன் பெரிய எம்டன்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22-ல் சென்னை மீது குண்டு வீசிய அந்த ஜெர்மன் கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து 'ஜெம்சூக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. திரும்பும் வழியில் 'மூஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலையும் கடலுக்கு இரையாக்கியது. ஜெம்சூக்கில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சிலரின் கல்லறை இன்றும் பினாங்கில் இருக்கிறது.

நம் நாட்டுப் பாட்டைத் தன் இசையில் பொதிந்து வைத்தார் ஒரு பிரெஞ்சுக்காரர். சில வாரங்களிலேயே அவர் நாட்டு இளைஞர்கள் நம் கடலில் மாண்டார்கள். இதை நினைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். பியானோவின் அடித்தொண்டையில் தனியாக ஒரு மெட்டு எழும். செல்லோ அதை ஏந்தும்; பிறகு பிடில் ஏந்தும். உச்சம் வரை ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி பியானோவின் அடியாழத்திலேயே அடங்கும். அதற்கு அகராதி வேண்டியதில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்கள் எல்லோருக்கும் அது விளங்கும்.

போகிறவர்களுக்கு

லைட் தெருவில் உள்ள டேவான் ஸ்ரீ பினாங் போன்ற மண்டபங்களில் இத்தகைய நிகழ்ச்சி என்று அறிந்தால் தயங்காமல் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இரண்டு வழக்கங்களை மட்டும் அறிந்துகொண்டால் போதும். பகுதிக்குப் பகுதி கை தட்டமாட்டார்கள். நான்கும் முடிந்த பிறகே தட்டுவார்கள். சத்தமாகத் தாளம் போடக் கூடாது. விரலால் மடியில் போட்டுக்கொள்ளலாம்.

போவதற்கு முன், கைத்தொலைபேசியில் ஒரு முறை 'பந்தூம்' பகுதியைப் போட்டு வீட்டில் எல்லோருமாகக் கேளுங்கள். சில நிமிடங்கள்தான். பந்துன் படிக்கும் பிள்ளையிடம், "எந்த மெட்டு திரும்பி வருகிறது, கண்டுபிடி பார்ப்போம்!" என்று சொல்லுங்கள். பெரியவர்களை முந்திக்கொண்டு அது கண்டுபிடித்துவிடும்.