காருக்குள் ஒரு 'டம்... டம்...' பெட்டி!

சாலையில் ஒரு கார் போகிறது. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருக்கின்றன. பாட்டின் வரிகள் நம் காதில் விழவில்லை. ஆனால், 'டம்... டம்...' என்ற அதிர்வு மட்டும் நெஞ்சில் வந்து மோதுகிறது. உணர்ந்திருக்கிறீர்களா குட்டீஸ்?

அந்த அதிர்வைக் கிளப்புவது, டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் ஒரு பெட்டி. பெயர், 'சப்-வூஃபர்'. ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும் வகைப் பெட்டிதான் இப்போது பல கார்களில் இருக்கிறது. அதை எப்படி இணைக்கிறார்கள் என்று பார்ப்போமா?

குருவியும் நாயும்!

குருவி கத்துவதை ஆங்கிலத்தில் 'ட்வீட்' என்பார்கள். நாய் குரைப்பது 'வூஃப்'. அதனால்தான் 'கீச்' ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கருக்கு 'ட்வீட்டர்' என்றும், கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கருக்கு 'வூஃபர்' என்றும் பெயர் வந்தது. அதற்கும் கீழே இறங்கி ஒலிப்பது சப்-வூஃபர்.

காற்றின் அதிர்வுதான் ஒலி. ஒரு வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை 'ஹெர்ட்ஸ்' என்ற அலகால் சொல்கிறோம். நம் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதில் அடிமட்டத்தில் உள்ள, சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிகள்தான் சப்-வூஃபரின் பங்கு.

மிருதங்க வித்வான் இடது பக்கத் தோலில் ரவைப் பசை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பசையின் எடை கூடியதும் தோல் மெதுவாக அதிர்கிறது. உடனே 'தொம்' என்ற கனத்த நாதம் கிடைக்கிறது. மெதுவான அதிர்வு என்றால் கனத்த ஒலி! ஆனால், அந்த ஒலி பலமாகக் கேட்க நிறைய காற்றைத் தள்ள வேண்டும். கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது. அதனால்தான் தனிப் பெட்டி.

தனிப் பாதை ஏன்?

காற்றை அதிகம் தள்ள மின்சாரமும் அதிகம் வேண்டும். ஒரு சின்ன கணக்கு போடுவோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 120 வாட் எடுக்கும் பொருளை வீட்டில் 230 வோல்ட்டில் ஓட்டினால் அரை ஆம்பியர் போதும். கார் பேட்டரியோ 12 வோல்ட். அங்கே அதே 120 வாட்டுக்கு 10 ஆம்பியர் ஓட வேண்டும்!

இவ்வளவு மின்சாரம் ஸ்டீரியோவின் மெல்லிய ஒயரில் போனால் ஒயர் சூடாகிவிடும். ஆகவே பேட்டரியில் இருந்து தடிமனான சிவப்பு ஒயரைத் தனியாக இழுக்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் மெக்கானிக் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் கழற்றுவார். ஏன் தெரியுமா? காரின் இரும்பு உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறி உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவை எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி!

காவல்காரன் எங்கே நிற்க வேண்டும்?

'பெட்டியிலேயே ஃபியூஸ் இருக்கிறதே, பேட்டரி பக்கத்தில் இன்னொன்று எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் கவனம் தேவை.

சிவப்பு ஒயர் என்ஜின் பக்கம் இருந்து தகட்டில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பின்பக்கம் வரை போகிறது. ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், கார் குலுங்கக் குலுங்க தகட்டின் விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்துவிடும். உள்ளே இருக்கும் செம்பு இரும்பில் பட்டால் ஷார்ட் சர்க்யூட்! பேட்டரி நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் பழுத்து, கார்ப்பெட் தீப்பிடிக்கும். பின்னால் பெட்டியில் இருக்கும் ஃபியூஸால் இதைத் தடுக்க முடியாது. ஏனென்றால், மின்சாரம் அதுவரை வரவே இல்லையே!

பேட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தால் அது சட்டென்று உருகி, மொத்த ஒயரையும் காப்பாற்றும். ஃபியூஸ் போய்விட்டால் அதைவிடப் பெரியது போடுவதோ, கம்பியைச் சுற்றி வைப்பதோ கூடாது. அது காவல்காரனைத் தூங்க வைப்பது போல!

மற்ற மூன்று ஒயர்கள்

கறுப்பு ஒயர், எர்த். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கமாக மாட்ட வேண்டும். சரியாக மாட்டாவிட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க பாட்டோடு சேர்ந்து 'ஙொய்ங்...' என்ற சத்தம் ஏறும்.

மெல்லிய ரிமோட் ஒயர், எழுப்பி விடும் ஒயர். ஸ்டீரியோ ஓடும்போது மட்டும் 'எழுந்திரு' என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும். இது தப்பானால் பெட்டி இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துவிடும். காலையில் கார் கிளம்பாது.

பாட்டைச் சுமந்து வருவது சிக்னல் ஒயர். மின்சார ஒயர் ஒரு பக்கம் போனால் இதை மறுபக்கமாகக் கொண்டு போவார்கள். ஒட்டிப் போனால் இரைச்சல் கலந்துவிடும்.

திருகுவதிலும் கணக்கு!

இணைத்தாகிவிட்டது. இனி திருகுகள். 'லோ பாஸ்' என்ற திருகை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால், அதற்கு மேலான ஒலிகளைப் பெரும்பாலும் கதவு ஸ்பீக்கர்களுக்கே விட்டுவிடும். 80 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். ஒரு சின்ன காரின் நீளமே அவ்வளவுதான்! அதனால்தான் கனத்த ஒலி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

அடுத்து 'ஃபேஸ்' பொத்தான். கதவு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது சப்-வூஃபர் இழுத்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஊஞ்சலை இருவர் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்து தள்ளுவது போல! 0, 180 என்ற இரண்டு நிலைகளையும் மாற்றிப் பார்த்து, எதில் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதில் விட வேண்டும்.

கடைசியாக 'கெய்ன்'. குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். 'கரகர' என்றாலோ, பாட்டை விட்டு 'டம் டம்' மட்டும் தனியே கேட்டாலோ, கொஞ்சம் குறைக்க வேண்டும். பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பாட்டு முழுமையாகக் கேட்டால், அதுதான் சரியான அளவு.

காது ஒரு ஜோடிதான்!

உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. சிறுவர்கள் 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒலி 3 டெசிபல் கூடினால், கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். பாட்டுச் சத்தத்தில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்காமல் போனால், அது இன்னொருவர் உயிருக்கே ஆபத்து.

ஒயர் வேலை தெரிந்த பெரியவர்களுக்கு. நீங்கள் தொட வேண்டாம் குட்டீஸ். ஆனால், நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து, "இப்போ சரி... இப்போ அதிகம்" என்று சொல்ல உங்களைப் போன்ற கூர்மையான காதுகள் வேண்டும். அதற்கு முன் மறக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணே, பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் போட்டாச்சா?"