படிகளின் கால்வழி: ஆவணப் பதிப்புகளைக் காக்கும் மர அமைப்பு

ஒரு நூலைப் பலர் சேர்ந்து திருத்தும்போது 'இறுதி', 'இறுதி 2', 'திருத்திய இறுதி' எனக் கோப்புகள் பெருகுவதை நாம் அறிவோம். சில மாதங்கள் கழிந்தபின் எந்தப் படியிலிருந்து எந்தப் படி தோன்றியது என்பது எவருக்கும் விளங்குவதில்லை.

பதிப்பாசிரியர்க்கு இச்சிக்கல் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். ஏடுகளுள் தாய்ப்படி எது, சேய்ப்படி எது என்பதைப் பெரும்பாலும் பொதுப்பிழைகளைக் கொண்டே ஊகித்தறிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாடத்திறனாய்வாளர் அவ்வூகத்தை மரவரைபடமாக வரைந்தனர். கணினியியலின் மர அமைப்போ அக்கால்வழியைத் திருத்தம் நிகழும்போதே பதிந்துவிடுகிறது.

திருக்குறளைச் சான்றாகக் கொள்வோம். நூல் வேராகும். அதன்கீழ் 3 பால்கள், 133 அதிகாரங்கள், இலைகளாக 1330 குறள்கள். ஆக 1467 கணுக்கள். ஒவ்வொரு குறளின் எழுத்துத் தொடரிலிருந்தும் 'ஹாஷ்' எனப்படும் அடையாளக் குறி கணிக்கப்படுகிறது. பத்துக் குறள்களின் குறிகளிலிருந்து அதிகாரத்தின் குறியும், அவ்வாறே பாலின் குறியும், முடிவில் வேரின் குறியும் பெறப்படுகின்றன. இம்முறையை 1979இல் ரால்ஃப் மெர்க்கில் வகுத்தார்.

ஒரு குறளில் ஓர் எழுத்து திருத்தப்படின், அக்குறள், அதன் அதிகாரம், பால், வேர் என நான்கு கணுக்களே புதியனவாகும். எஞ்சிய 1463 கணுக்கள் இரு பதிப்புகளுக்கும் பொதுவாக நிற்கும்; அவற்றை மீண்டும் சேமிக்கவோ அனுப்பவோ தேவையில்லை.

கோலாலம்பூரில் ஒருவரும் சிங்கப்பூரில் ஒருவரும் தம் படிகளை ஒப்பிடும்போதும் இதுவே பயன்படுகிறது. வேரின் குறி ஒன்றாயின் நூல் முழுவதும் ஒன்றே. வேறாயின் வேறுபட்ட கிளைவழியே இறங்கினால் போதும். பொருட்பாலின் ஒரு குறளில் மட்டும் வேறுபாடு இருப்பின், 1330 ஒப்பீடுகளுக்கு மாறாக 1+3+70+10 என 84 ஒப்பீடுகளில் அதனைக் கண்டறியலாம்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' மென்பொருள் இக்கோட்பாட்டைப் பின்பற்றுகிறது. அதன் ஒவ்வொரு பதிவிலும் திருத்தியவர் பெயர், நேரம், தாய்ப்பதிவின் குறி ஆகியவை இடம்பெறும். இருவர் திருத்தங்களை இணைக்கும் பதிவிற்குத் தாய்ப்பதிவுகள் இரண்டு. இரு மூல ஏடுகளை ஒப்புநோக்கி எழுதிய படியைப் போன்றது அது. ஆதலின் பதிப்புகளின் வரலாறு எப்போதும் தூய மரமாக அமைவதில்லை.

தமிழுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவற்றுக்கு ஹாஷ் வேறுவேறாக அமையும். எனவே பனுவலை முதற்கண் ஒருசீராக்கிய பின்னரே சேமித்தல் வேண்டும்.

எப்பாடம் சிறந்தது என்பதை இவ்வமைப்பு கூறாது. அது புலமையின் பணி. எனினும், இன்று நாம் ஆக்கும் மின்பதிப்புகளின் கால்வழியைப் பதியாது விட்டால், நாளைய பதிப்பாசிரியர் மீண்டும் ஊகத்தையே நம்ப நேரிடும்.