‘பால் பல்தானே... விழுந்து முளைக்கும்!’ - ஓட்டப்பிடாரத்தில் ஒரு கடைவாய்ப்பல்லின் கதை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டப்பிடாரத்தில் அக்கா வீடு. கோவில்பட்டியிலிருந்து வாங்கிப்போன கடலை மிட்டாயைப் பிரித்து அக்கா மகன் கையில் கொடுத்தேன். ஏழு வயதுக்காரன். வழக்கமாக நான் பையைத் திறப்பதற்குள் பாதி காலியாகிவிடும். அன்று ஒரு துண்டை வாயில் போட்டு, நாக்கால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி, கடைசியில் முன்பல்லால் எலி மாதிரி கொறித்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“பல்லு வலிக்கி சித்தி.”

வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் வலது கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு குழி. “ரெண்டு தடவ அடைச்சாச்சுட்டி. ரெண்டு தடவயும் பேந்துட்டு” என்றாள் அக்கா. இடதுபக்கம் பார்த்தால் அங்கே பல்லே இல்லை. ஆறு மாதம் முன்பு முகம் வீங்கியபோது ஒரு க்ளினிக்கில் பிடுங்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அக்காவின் மாமியார் ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: “பால் பல்லுதான, விழுந்து முளைக்கும்.”

இந்த வரியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அன்று ராத்திரி ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்த இடதுபக்கக் காலி இடம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

இடம் பிடித்து வைக்கும் பல்

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் ஆட ஆரம்பித்துவிடும். ஆனால் பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அதாவது, ஆறு வயதில் சொத்தையான பால் கடைவாய்ப்பல் ‘விழுந்து முளைக்க’ இன்னும் நாலைந்து வருடம் ஆகும். ஒரு குழந்தைக்கு அது பாதி ஆயுள்!

மெல்லுவதோடு அந்தப் பல்லின் வேலை முடிவதில்லை. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அதுதான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அது மாதிரி. துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

வாயில் அந்தப் பக்கத்து ஆள், ‘ஆறு வயதுக் கடைவாய்ப்பல்’. எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் ஆறு வயதுவாக்கில் சத்தமில்லாமல் முளைக்கும் நிலைப்பல் இது. எதுவும் விழாததால், பெரும்பாலான வீடுகளில் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல், ‘விழுந்து முளைக்கும்’ கணக்கில் சேர்ந்து சொத்தையாகிறது. உங்கள் வீட்டில் ஆறேழு வயதுக் குழந்தை இருந்தால், இன்றைக்கே ஒருமுறை கடைசிவரை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பால் கடைவாய்ப்பல்லைச் சீக்கிரம் பிடுங்கினால், இந்த ஆறு வயதுப் பல் முன்னால் சாய்ந்து, காலி இடத்தில் நகரும். அடியிலிருந்து வர வேண்டிய நிலைப்பல்லுக்கு வழி அடைபடும். அது கோணலாக வெளியே வரலாம்; வராமல் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்காது. ‘தெத்துப்பல் அதிர்ஷ்டம்’ என்று சொல்லிச் சமாளிக்கிறோம். பல வருடம் கழித்துக் கம்பி போடும் செலவைக் கேட்கும்போது அந்த அதிர்ஷ்டம் காணாமல் போய்விடும். பரம்பரைத் தாடை அமைப்பு, விரல் சூப்புவது என்று பல் வரிசை கெட வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் இது தடுக்கக்கூடிய காரணம்.

அடைத்தது ஏன் பேந்தது?

பால் பல்லின் எனாமல், நிலைப்பல்லோடு ஒப்பிட்டால் மெலிசு. சொத்தை பெரும்பாலும் இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டும் இடுக்கில் ஆரம்பிக்கிறது. அங்கே வைக்கும் அடைப்புக்குப் பிடிமானம் குறைவு. போதாததற்கு, ஊசியைப் பார்த்ததும் அலறும் குழந்தையின் வாயில் எச்சில் படாமல் அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

குழந்தைகளுக்கு அதிகம் பயன்படும் ‘கிளாஸ் அயனோமர்’ என்ற சிமென்ட், லண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இரு விஞ்ஞானிகள் உருவாக்கியது. 1972-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். பல்லோடு தானே ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடு கசியவிடும். நல்ல பொருள்தான். ஆனால், இரண்டு பற்களுக்கு இடையிலான பெரிய குழியில் கடிக்கும் அழுத்தத்தைத் தாங்குவதில் பலவீனம். ஆக, அக்கா மகனுக்குப் பேந்ததற்கு டாக்டரின் கையைக் குறை சொல்வதா, பொருளைக் குறை சொல்வதா, அவன் தின்ற கருப்பட்டி மிட்டாயைக் குறை சொல்வதா என்று என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஸ்காட்லாந்து டாக்டரின் ஸ்டீல் தொப்பி

இங்கேதான் நோர்னா ஹால் வருகிறார். ஸ்காட்லாந்தில் குடும்பப் பல் மருத்துவராக இருந்தவர். குழந்தைகளின் பால் கடைவாய்ப்பல்லுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப் போடுவது 1950-லிருந்தே உள்ள பழக்கம். ஆனால் அதற்கு ஊசி போட வேண்டும், சொத்தையைச் சுரண்ட வேண்டும், பல்லைச் சுற்றி ராவ வேண்டும். ஹால் இந்த மூன்றையுமே விட்டுவிட்டார். சரியான அளவு கேப்பை எடுத்து, உள்ளே சிமென்ட் நிரப்பி, பல்லின் மேல் வைத்து அழுத்தி, குழந்தையையே கடிக்கச் சொல்லிவிட்டார்! சொத்தை உள்ளேயே இருக்கிறது. ஆனால் சாப்பாடு கிடைக்காமல் கிருமிகள் அடங்கிப்போகின்றன; சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடுகிறது.

கேட்டால் நம்பமுடியாது. பல் மருத்துவ உலகமும் முதலில் முகம் சுளித்தது. குப்பையைப் பெருக்காமல் பாய் போட்டு மூடுகிற மாதிரி அல்லவா? ஆனால் அவர் ஒழுங்காகக் குறிப்பேடு வைத்திருந்தார். 259 குழந்தைகளுக்குப் போட்ட 978 கேப்புகளின் கணக்கு 2006-ல் ஆய்வுக்கட்டுரையாக வந்தது.

பிறகு டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 132 குழந்தைகளிடம் நேரடியாகச் சோதித்தார்கள். ஒரே குழந்தையின் வாயில் ஒரு பல்லுக்கு ஹால் கேப், இன்னொரு பல்லுக்கு வழக்கமான அடைப்பு. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, வலி, சீழ் போன்ற பெரிய தோல்வி கேப் போட்ட பற்களில் 3 சதவிகிதம். அடைத்த பற்களில் 16.5. பேந்துபோவது, மறுபடி சொத்தையாவது மாதிரியான சின்னத் தோல்வி கேப்பில் 5 சதவிகிதம், அடைப்பில் 42!

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் கொப்புளம், முகவீக்கம் இருந்தால் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது வேர் சிகிச்சையோ பிடுங்குவதோதான். எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. பிரிட்டனில் 1,144 குழந்தைகளை வைத்து நடந்த ‘ஃபிக்‌ஷன்’ என்ற பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. சுரண்டி அடைப்பது, மூடி வைப்பது, வெறும் தடுப்பு முறைகள் என மூன்று வழிகளிலும் பத்தில் நாலு குழந்தைக்கு மேல் எப்படியோ ஒருமுறையாவது வலியோ சீழோ வந்திருக்கிறது. சொத்தை வந்த பிறகு எந்த வித்தையும் முழு ஜெயம் தராது. நம் நாட்டில் 2002-03-ல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவிகிதம் பேருக்குச் சொத்தை இருந்தது.

‘முன்பல்லு ஒட்டவே மாட்டேங்கு!’

அடுத்த வாரம் அக்கா ஒரு நாள் கூலியை விட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினாள். குழந்தைப் பல் மருத்துவர் எக்ஸ்-ரே எடுத்தார். நல்லவேளை, வலதுபக்கச் சொத்தை நரம்பைத் தொடவில்லை. பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். மறுபடி பஸ், மறுபடி கூலி போனது. இரண்டாவது முறை கேப்பை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார். ஊசி இல்லை, மெஷின் சத்தம் இல்லை. பையனுக்கே ஏமாற்றம், அழத் தயாராகப் போயிருந்தான்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு போன். “ஏட்டி, கேப்புல மட்டுந்தான் முட்டுது. முன்பல்லு ஒட்டவே மாட்டேங்கு. வாயி இப்படியே நின்னுருமோ?” பல்லை ராவாமல் மேலே தொப்பி மாட்டினால் உயரம் கூடத்தானே செய்யும்? டாக்டர் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். பயத்தில் அக்கா மறந்துவிட்டாள். குழந்தைகளின் பற்கள் சில வாரங்களில் தாமாகவே ஏறி இறங்கி, பழைய கடிக்குத் திரும்பிவிடும் என்று ஆய்வுகளில் படித்திருந்தேன். இருந்தாலும் அக்காவுக்குச் சொல்லும்போது என் குரலும் கொஞ்சம் நடுங்கியது உண்மை.

இடதுபக்கத்துக்கு ‘ஸ்பேஸ் மெயின்டெய்னர்’ போட்டிருக்கிறார்கள். ஆறு வயதுப் பல்லில் ஒரு வளையம், அதிலிருந்து முன்பல் பக்கம் நீளும் கம்பி வளைவு. காலி இடம் சுருங்காமல் காப்பது அதன் ஒரே வேலை. ஆறு மாதத்தில் இடம் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். அடியில் உள்ள பல் நேராக வருமா என்பது பத்து வயதுக்கு மேல்தான் தெரியும். பிடுங்கிய கையோடு இதைப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்று நினைக்கும்போது ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

கறை வேறு, சொத்தை வேறு

கரிசல்காட்டுப் பக்கம் வாசகர்களுக்கு ஒரு விஷயம். தூத்துக்குடி மாவட்ட நிலத்தடி நீரில் சில இடங்களில் ஃப்ளோரைடு அளவு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இதைத் தாண்டிய தண்ணீரை, எட்டு வயதுக்குள் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் நிலைப்பற்களில் வெள்ளைக் கோடுகளும் பழுப்புக் கறையும் விழும். மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் இந்நோயை 1937-லேயே ஷார்ட் என்ற டாக்டரும் குழுவினரும் பதிவுசெய்துவிட்டார்கள்.

இந்தக் கறை, தேய்த்தால் போகாது, சொத்தையும் அல்ல. அதே ஃப்ளோரைடு பேஸ்ட்டில் சரியான அளவில் இருந்தால் சொத்தையைத் தடுக்கும். மூன்று வயதுக்குக் கீழ் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். அக்கா வீட்டில் குழாய்த்தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அதைப் பரிசோதிக்கக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

செலவுக்குத் தயங்குபவர்களுக்கு: 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருடம் ஒருமுறையும், அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. குழு வரும் தேதியை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கச் சொன்னால், “இடம் காக்க ஏதாவது போடணுமா டாக்டர்?” என்று மறக்காமல் கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து வீடியோ காலில் வந்தான். வாயைப் பெரிதாகத் திறந்து வெள்ளிப் பல்லைக் காட்டினான். வகுப்பில் அவனுக்கு இப்போது ‘ரோபோ’ என்று பெயராம். அதில் பெருமை வேறு. முன்பல் ஒட்டுகிறதா என்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் ஒரு முறுக்கை எடுத்து வலதுபக்கம் வைத்துக் கடித்தான். பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது: “பல்லு விழும்போது அந்த ஸ்டீலும் சேந்து விழுந்துருமாட்டி?”

விழுந்துவிடும். பல்லோடு சேர்ந்தே.