பழங்காசு சேகரிப்போர் எழுதும் கட்டுரைகள்: சில குறிப்புகள்

பழங்காசு சேகரிப்போரின் கழகங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் இயங்கி வருகின்றன. அவை வெளியிடும் சிற்றேடுகளில் உறுப்பினர்கள் தம்மிடமுள்ள காசுகளைப் பற்றி எழுதுகின்றனர். இவ்வெழுத்துகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. தென்னிந்திய நாணயவியலில் ஒரு பெரும்பகுதி அலுவல் போக மிஞ்சிய நேரத்தில் காசு தேடியவர்களின் கையால் எழுந்தது. 1880களின் இறுதியில் சென்னை இராணுவ அதிகாரியான டஃப்னெல், தென்னிந்தியக் காசு சேகரிப்போருக்கான குறிப்புகளைத் தொடர்ச்சியாக எழுதி வெளியிட்டார். மதுரையில் பாதிரியாராக இருந்த டிரேசி பாண்டியர் காசுகளையும், வேலூரில் இருந்த லோவெந்தால் திருநெல்வேலிக் காசுகளையும் விவரித்தனர். இவர்களுள் எவரும் நாணயவியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர்.

கள்ளக்குறிச்சிப் பகுதி இதற்கு அண்மைக்காலச் சான்று தருகிறது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் மேற்கெல்லையாகக் கல்வராயன் மலை நிற்கிறது. வடகிழக்கில் பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோவலூர், சங்ககால மலையமான்களின் தலைநகர். அவர்கள் காசு வெளியிட்டார்கள் என்பதை விரிவாக எடுத்துக்காட்டியவர், நாளிதழ் ஆசிரியராகப் பணியாற்றிய இரா. கிருஷ்ணமூர்த்தி (மறைவு 2021). ஒருபுறம் குதிரையும், மறுபுறம் ஆற்றை உணர்த்தும் வளைகோடும் கொண்ட சிறு செப்புக்காசுகள் அவை. 1997-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய நூலில் இவையும் இடம்பெற்றன. எழுத்தில்லாத ஒரு செப்புக்காசை மலையமானுடையது என்று எவ்வாறு துணிவது? சின்னங்கள் ஒரு சான்று; அக்காசு எந்த நிலப்பகுதியில் கிடைத்தது என்பது அதனினும் வலுவான சான்று. கிடைத்த இடத்தின் பெயரைக் கட்டுரையாளர் எழுதாமல் விட்டால் காசு எஞ்சும், வரலாறு எஞ்சாது.

அரபு எழுத்துப் பொறித்த காசுகளுக்கு வருவோம். கழக ஏடுகளில் மிகுந்த பிழை நேருவது இங்கேதான். எழுத்தைப் படிக்க இயலாதோர் 'முஸ்லிம் காசு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். படத்தைத் தலைகீழாக அச்சிட்டிருப்பதையும் நாம் கண்டதுண்டு. கள்ளக்குறிச்சியை அடுத்த தியாகதுர்க்கம் கோட்டையை 1790-இல் திப்பு சுல்தானின் படை தாக்கியது. ஆங்கிலத் தளபதி பிளின்ட் அதைக் காத்து நின்றார். மைசூர்ப் படை நடமாடிய இத்தகைய ஊர்களில் யானை பொறித்த திப்புவின் செப்புக்காசு ஒருவர் கைக்கு வருவதில் வியப்பில்லை. அதில் 1215 என்னும் ஆண்டு இருப்பதாகக் கொள்வோம். அதை ஹிஜ்ரி எனக் கொண்டு கணக்கிட்டால் கி.பி. 1800–1801 வரும். திப்புவோ 1799 மே மாதம் போர்க்களத்தில் மாண்டவர்! இறந்தவர் காசு அடித்தாரா என்ற குழப்பம் எழும். உண்மையில், 1787 முதல் திப்பு ஹிஜ்ரியைக் கைவிட்டு, நபிகளாரின் பிறப்பிலிருந்து எண்ணும் மவ்லூதி ஆண்டைக் காசுகளில் பொறித்தார். அதன்படி 1215 என்பது 1787–1788. இலக்கங்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தமையால், பழக்கமில்லாத கண்ணுக்கு அது 5121 என்றே தோன்றும்.

ஆற்காட்டு ரூபாயின் நிலை இன்னும் விந்தையானது. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6, அக்கசாலை ஆற்காடு என்று தெளிவாகப் படிக்கத்தக்க வெள்ளிக்காசுகள் பல உள்ளன. 1172 என்பது கி.பி. 1758–1759. தாமரை மொட்டுச் சின்னம் மட்டும் இருந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. அது கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த காசு. பேரரசர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. பெயர், ஆண்டு, ஊர் ஆகிய மூன்றும் உண்மையல்ல! ஆண்டை உறையவைத்ததற்குக் காரணம் உண்டு. பழைய ஆண்டுக் காசுக்கு நாணயம் மாற்றுவோர் வட்டம் பிடித்து மதிப்பைக் குறைத்துவிடுவர். ஆண்டு மாறாதிருந்தால் அதற்கு இடமில்லை. பொறிப்பை அப்படியே பெயர்த்தெழுதுவது ஒரு வேலை, அதற்குப் பொருள் காண்பது மற்றொரு வேலை. இரண்டையும் கலவாமல் தனித்தனியே எழுதுவோரின் கட்டுரையையே நாம் நம்பி எடுத்தாள முடிகிறது.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. மதுரை சுல்தான்களின் வரலாற்றுக்கு இப்னு பதூதாவின் பயணநூல் பெருந்துணை. அரசை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாஹ்வின் மருமகன் அவர். ஆனால் அவர் மதுரையை விட்டு அகன்ற பின்னர் ஆண்ட பிற்கால சுல்தான்களைக் காசுகளைக் கொண்டே பெரிதும் அறிகிறோம். 1895-இல் ராட்ஜர்ஸும், 1909-இல் ஹுல்ட்ஸும் இக்காசுகளைப் பற்றி எழுதினர். குமார கம்பணர் 1371-இல் மதுரையை வென்றதோடு அவ்வரசு முடிந்தது என்று பொதுவாக எழுதுவர். அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாஹ்வின் காசிலோ ஹிஜ்ரி 779, அதாவது 1377–1378, காணப்படுகிறது. அந்தச் சிறு செப்புத்துண்டில் ஓர் இலக்கம் தேய்ந்திருந்தால் அல்லது எவரேனும் புளியிட்டுத் தேய்த்திருந்தால் இவ்வினா எழுந்தே இராது.

ஆகவே புதிதாக எழுதுவோர் முதலில் காசைத் தூய்மை செய்யும் ஆசையைத் துறக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் நிறுத்து எடையைக் கிராமில் எழுதுக. விட்டம், உலோகம், இருபுறத் தோற்றம் ஆகியவற்றைக் குறிக்க. அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுக்க. தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால் அடைப்புக்குறிக்குள் இடுக. விலையைப் பற்றிய பேச்சு இத்தகைய கட்டுரையில் வேண்டியதில்லை.

கிடைத்த இடத்தைச் சொல்லப் பலர் தயங்குவதன் காரணத்தை நாம் அறிவோம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருளாகும். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல இயலாது. அச்சத்தால் சிலர் ஊர்ப்பெயரை மாற்றி எழுதுகின்றனர். சந்தையில் விற்றவர் சொன்ன ஊரைச் சிலர் தாமே கண்டது போல எழுதுகின்றனர். பெண்ணையாற்று மணலில் கிடைத்த குதிரைக் காசு கரூரில் கிடைத்ததாக ஒருமுறை அச்சேறிவிட்டால், அடுத்து எழுதுவோர் மலையமான் நாட்டின் எல்லையை அதுவரை நீட்டிவிடுவர். விற்றவர் சொன்னதை 'விற்றவர் கூற்று' என்றும், தெரியாததைத் 'தெரியவில்லை' என்றும் எழுதுவதற்குச் சட்டம் தடையாக இல்லை.