நடந்து போகும் தூரத்தில் நிழல்



2020 நோன்புப் பெருநாளை நாம் மறக்க முடியாது. ஊரடங்கினால் பெருநாள் தொழுகையை அவரவர் வீட்டிலேயே தொழுதோம். முற்றமும் மாடியும் உள்ளவர்கள் அந்த மாதங்களை ஒருவாறு சமாளித்தார்கள். ஒற்றை அறையில் ஆறு பேர் இருந்த குடும்பங்களுக்குக் காற்று வாங்கக்கூட இடமில்லை. திறந்தவெளியும் ஒரு மருத்துவ வசதிதான் என்பது அப்போது நமக்கு உறைத்தது.

காரணம் எளிது. கொரோனா தொற்றியவர் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கும். வெளியில் காற்றோடு கலைந்துவிடும். சென்னை கோயம்பேடு சந்தை 2020 மே மாதம் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. பல ஊர்களில் பேருந்து நிலையங்களும் மைதானங்களும் சந்தைகளாயின.

மரம் கிருமியைக் கொல்லாது. பூங்காவிலும் நெருங்கி உட்கார்ந்தால் தொற்றும். ஆனால் நம்மைப் போன்ற வெயில் ஊர்களில் நிழல் இருந்தால்தான் மக்கள் நடப்பார்கள். சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்களையே கொரோனா அதிகம் வாட்டியது. அவற்றைக் கட்டுக்குள் வைக்க நடைப்பயிற்சி பெரிதும் உதவும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நமக்கு மேற்கே மலை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அங்கே 1988 முதல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் உள்ளன. அந்தக் காடு வனவிலங்குகளின் இடம். நம் தாய்மார்கள் அஸருக்குப் பின் நடந்துவரும் இடமல்ல. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் பசுமையான இடம் வேண்டும் என்று அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017இல் பரிந்துரைத்தது. ஐந்து நிமிட நடை அவ்வளவுதான்.

நம் டிரஸ்டுக்குச் சொந்தமான காலி மனையில் கடைகள் கட்டலாம் என்ற யோசனை உள்ளது. வாடகை வந்தால் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை கூடும். அதை நாம் லேசாக எண்ணவில்லை. ஆனாலும் பாதி இடத்திலாவது வேம்பும் புங்கையும் நட்டு, காலையில் பெண்களுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம் என்பது நம் கருத்து. மரம் நட்டவருக்கு, அதில் பறவை உண்பதும் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்துள்ளார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ். வர முடியாத தாய்மார்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள். அந்த நிழல் முதலில் உங்களுக்குத்தான் தேவை.